மீன் பட்ட மாசத்தை 12ஆல பெருக்காதீங்க

மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் ஐயாவுக்கும் செயலாளர் அவங்களுக்கும், தங்கச்சிமடத்துல இருந்து ஒரு மீனவக் குடும்பத்துப் பொண்ணு வணக்கத்தோட எழுதுறேன்.

முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தப் பத்தி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. 2022ல அதுக்கான குடும்ப வருஷ வருமான வரம்ப 72,000ல இருந்து 1,20,000 ஆக்குனப்ப எங்க தெருவே சந்தோஷப்பட்டுச்சு. அந்த வரம்புதான் இப்ப எங்க அண்ணன் மகளுக்குக் குறுக்க நிக்குது.

புள்ளைக்கு ஆறு வயசு, பிறவியிலயே இதயத்துல ஓட்டை. ஓடி விளாண்டுக்கிட்டு இருக்கும், திடீர்னு மணல்ல குத்தவச்சு உக்காந்துரும். கிட்டப் போய்ப் பாத்தா உதடு நாவப்பழம் தின்ன மாதிரி இருக்கும், ஒண்ணுமில்ல அத்தைன்னு அதுதான் நமக்கு ஆறுதல் சொல்லும்.

அண்ணன் விசைப்படகுல கூலிக்குப் போறவரு. திங்கள், புதன், சனி, வாரத்துல மூணு நாள்தான் கடல், அதுலயும் பாம்பன்ல புயல் கூண்டு ஏத்திட்டா அதுவும் இல்ல. வருமானச் சான்றுக்குப் போனப்ப போன மாசம் எவ்வளவு வந்துச்சுன்னு கேட்டுருக்காங்க, அது இறால் நல்லாப் பட்ட மாசம், மறைக்கத் தெரியாம 12,000னு சொல்லிட்டாரு. அந்த இடத்துலயே கால்குலேட்டர்ல 12ஆல பெருக்கி 1,44,000னு எழுதிட்டாங்க. 24,000 ரூவா கூடிப்போச்சாம், காப்பீட்டு கார்டு கிடையாதாம். மதினி மஞ்சப்பையில ஸ்கேன் ரிப்போர்ட்டோட மூணு தடவ போயி வந்துட்டாங்க, மூணு தடவையும் அதே பதில்தான்.

ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் கடலுக்குப் போகக்கூடாதுன்னு சொல்றதும் அரசாங்கம், அதுக்கு நிவாரணம்னு 8,000 கொடுக்குறதும் அரசாங்கம், அந்த ரெண்டு மாசமும் எங்களுக்கு மாசம் 12,000 வந்துச்சுன்னு எழுதுறதும் அரசாங்கமா? கோவமாப் பேசிட்டேன், மன்னிச்சுக்கோங்க. ஆனா வயித்தெரிச்சல் ஐயா.

நாங்க கேக்குறது ஒண்ணுதான். 18 வயசுக்குக் கீழ உள்ள புள்ளைங்களுக்கு வருமானச் சான்று கேக்காம காப்பீடு கொடுங்க, அதுக்கான பிரிமியத்துக்கு பட்ஜெட்ல நிதி ஒதுக்குங்க. இது நடக்காத காரியமில்ல. பக்கத்துல மண்டபம் முகாம்ல இருக்குற இலங்கைத் தமிழ்ச் சனங்களுக்கு வருமான வரம்பு பாக்காமத்தான் இந்தக் காப்பீடு கொடுக்குறீங்க, ரொம்ப நல்ல காரியம், அது அப்படியே இருக்கணும். 70 வயசு ஆனவங்களுக்கு வருமானம் பாக்காம 5 லட்சத்துக்குக் காப்பீடுன்னு 2024ல மத்திய அரசும் அறிவிச்சுது. பெரியவங்களுக்கு முடியும்னா ஆறு வயசுப் புள்ளைக்கு ஏன் முடியாது?

கார்டு கெடைச்சாலும் ஆபரேஷனுக்கு மதுரைக்குத்தான் போகணும், இங்கேருந்து 160 கிலோமீட்டருக்கு மேல. பஸ் செலவு, கூட இருக்குறவங்க சாப்பாடு, அண்ணனுக்குப் போற கூலி எல்லாம் எங்க பாடு, அத நாங்க எப்படியாச்சும் பாத்துக்குறோம். ஆபரேஷன் செலவத்தான் எங்களால முடியாது.

சட்டத்த மாத்த நாளாகும்னா, அதுவரைக்கும் கடலுக்குப் போறவங்க வருமானத்த தடைக்காலத்தையும் காத்து மழை நாளையும் கழிச்சுக் கணக்குப் பண்ணச் சொல்லி தாலுகா ஆபீசுக்கு ஒரு உத்தரவாவது போடுங்க. தயவு செஞ்சு புள்ளைங்களுக்கு வருமானச் சான்று இல்லாம காப்பீடு கொடுங்க ஐயா. அடுத்த மாசம் 14ஆம் தேதி புள்ளையக் கூட்டிட்டு வரச் சொல்லிருக்காங்க ஆஸ்பத்திரில, வரும்போது கார்டு கொண்டு வாங்கன்னாங்க.