இடது கைல ஊசி போட்ட அன்னிக்கு

மாப்ள, எப்படி இருக்க? வீடு மாறிட்டியாமே, பால் காய்ச்சுனத கூட சொல்லல பாத்தியா. இங்க மதுரைல வெயில் மண்டைய பொளக்குது, எனக்கு சிடி ஸ்கேன் ரூம் ஏசிதான் கொடைக்கானல்.

போன வாரம் உசிலம்பட்டி பக்கத்துல இருந்து ஒரு பெரியவரு, நெஞ்சு காண்ட்ராஸ்ட் சிடிக்கு வந்தாரு, அதான் ரத்தக்குழா வெள்ளையா தெரிய ஊசில மருந்து விட்டு எடுக்குற ஸ்கேனு. பைக்ல விழுந்து வலது கைல மாவுக்கட்டு. நமக்குத்தான் தெரியுமே, இடது கைல போட்டா காண்ட்ராஸ்ட் கெட்டியா அயோர்ட்டா ஆர்ச்சுக்கு (இதயத்துல இருந்து கெளம்புற பெரிய ரத்தக்குழாயோட வளைவு) முன்னாடி குறுக்க போயி படம் பூரா கோடு கோடா அடிக்கும், அதான் முடிஞ்சவரைக்கும் வலதுலயே போடுவோம். வேற வழியில்ல, இடதுலயே 20 நம்பர் கேனுலா போட்டு, பின்னாடியே சலைனும் தள்ளுனேன்.

படத்த பாத்தா குறுக்க ஒண்ணையும் காணோம்டா! வெள்ள வெளேர்னு ஒரு குழாய் ஆர்ச்சுக்கு இடது பக்கமா நேரா கீழ இறங்குது, மவுசை உருட்ட உருட்ட இறங்கி, இதயத்துக்குப் பின்னாடி சுத்தி, நல்லா வீங்கிப் போன கரோனரி சைனஸ்ல, அதான் இதயத்தோட சொந்த ரத்தத்த திருப்பிக் கொண்டு போற சிரைல போயி விழுது. வலது பக்கம் வழக்கமான எஸ்விசியும் (மேல் உடம்பு ரத்தத்த இதயத்துக்குக் கொண்டு வர்ற பெரிய சிரை) இருக்கு, காண்ட்ராஸ்ட் இல்லாம மங்கலா. இடது எஸ்விசி மாப்ள! கருவுல எல்லாருக்கும் இருந்து மறைஞ்சு போறது, 1000 பேர்ல 3ல இருந்து 5 பேருக்கு அப்படியே தங்கிடும்னு காலேஜ்ல படிச்சோமே அதேதான். மாட்டுத்தாவணி போக வேண்டிய பஸ்சு ஆரப்பாளையம் சுத்திப் போன கணக்கா, கடைசில வலது ஏட்ரியத்துலதான் (இதயத்தோட வலது மேலறை) சேருது, அதான் மனுசனுக்கு இத்தன வருசமா ஒரு தொந்தரவும் இல்ல. நாளைக்கு பேஸ்மேக்கர் வைக்கணும்னா அந்த வயர் போற பாதை மாறிடும், அதனால டாக்டர் ரிப்போர்ட்ல தனியா எழுதிட்டாரு.

எனக்கு உறுத்துறது வேற. போன வருசம் ஒருத்தருக்கு வலது கைல போட்டப்ப ஆர்ச்சுக்குப் பக்கத்துல இதே எடத்துல மங்கலா உருண்டையா ஒண்ணு இருந்துச்சு, நெறிகட்டிதான்னு என் மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டேன். மேலயும் கீழயும் உருட்டிப் பாத்திருக்கணும்ல, கட்டின்னா ரெண்டு மூணு ஸ்லைஸ்ல (குறுக்குவெட்டு படம்) முடிஞ்சிரும், ரத்தக்குழாய்னா ஓடிக்கிட்டே இருக்கும். ஞாயித்துக்கிழம டூட்டில கூட்டம் இருக்காது, அந்த பழைய படத்த எடுத்துப் பாக்கப் போறேன்.

பெரியவரு டேபிள்ல இருந்து எறங்கிக்கிட்டே, "தம்பி, கைல விட்ட மருந்து அடிவயிறு வரைக்கும் சுட்டுச்சேய்யா, எங்கதான் போவுது அது?"ன்னாரு. நல்லாத்தான் கேட்டாரு போ.

தங்கச்சிய கேட்டதா சொல்லு.