கரடிக்கு உறி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளிவந்த யோசெமிட்டி தேசியப் பூங்கா பயணக் கட்டுரையை ஆவலோடு படித்தேன். கலிஃபோர்னியாவின் அந்த மலைக்காடுகளில் முதுகுப்பையைச் சுமந்து நாள்கணக்கில் நடந்து, கூடாரத்தில் தங்கிய அனுபவத்தைக் கட்டுரையாளர் நன்றாகவே எழுதியிருந்தார். அருவிகளையும் கருங்கல் முகடுகளையும் அவர் விவரித்ததில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. ஆனால், இரவில் உணவுப் பையைக் கயிற்றில் கட்டி உயரமான மரக்கிளையில் தொங்கவிட்டுவிட்டால் கரடியைப் பற்றிய கவலையே வேண்டாம் என்று அவர் எழுதியிருந்த வரியைப் படித்துவிட்டு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. யோசெமிட்டியின் காட்டுப் பகுதியில் உணவை மரத்தில் தொங்கவிடுவது விதிமீறல். விதி ஒருபுறம் இருக்கட்டும், அந்த உபாயம் அங்கே பலிப்பதே இல்லை. கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா வரும் பெற்றோரும், இங்கே வேலை பார்க்கும் நம் இளைஞர்களும் தங்கள் நாளிதழை நம்பிப் படிப்பவர்கள் என்பதால், அந்த வரியால் விளையக்கூடிய கேட்டை விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

பூனைக்கும் எறும்புக்கும் எட்டாமல் பாலையும் தயிரையும் உறியில் வைத்த வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம். ஆகவே, உயரத்தில் தொங்குவது பத்திரமாக இருக்கும் என்ற எண்ணம் நமக்கு இயல்பாகவே வந்துவிடுகிறது. ஆனால் அதே ஊரில்தான், ஆயர்பாடிப் பிள்ளைகள் ஒருவர் தோள்மீது ஒருவர் ஏறி உறியை எட்டிய கதையையும் கேட்டு வளர்ந்தோம். யோசெமிட்டி அடங்கிய சியரா நெவாடா மலைத்தொடரின் கருங்கரடிகள் செய்ததும் ஏறத்தாழ அதுவே. ஒரு காலத்தில் யோசெமிட்டியின் ரேஞ்சர்கள் எனப்படும் பூங்காக் காவலர்களே மரத்தில் தொங்கவிடும் முறையைத்தான் கற்பித்தார்கள். அதிலும் கயிற்றை அடிமரத்தில் கட்டினால் கரடி கடித்து அறுத்துவிடுகிறது என்று கண்டு, சம எடையுள்ள இரண்டு பைகளை மெல்லிய கிளையொன்றின் இரு பக்கமும் தராசுத் தட்டுகளைப் போல நிறுத்திவைக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தார்கள். கரடிகள் அதையும் வென்றன. தன் எடையைத் தாங்காத கிளையில் தாய்க்கரடி குட்டியை ஏற்றிவிட்டது; குட்டி கயிற்றைக் கடித்தோ கிளையை ஒடித்தோ பையைக் கீழே தள்ள, தாய் அடியில் காத்திருந்தது. தாயிடமிருந்து குட்டி கற்ற வித்தை அந்தக் குட்டியின் குட்டிக்கும் போய்ச் சேர்ந்தது.

இதை நான் ஏட்டில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் நண்பர்கள் நால்வராக யோசெமிட்டியின் மேட்டுப் பகுதியில் நான்கு நாள் நடைக்குப் போனோம். காட்டில் தங்குவதற்கான பெர்மிட் வாங்கும்போதே கரடி திறக்க முடியாத டப்பாக்களையும் வாடகைக்கு எடுத்திருந்தோம். ஆனால் முதல் நாள் மாலை பார்த்தால், கொண்டுவந்த உணவு முழுவதும் டப்பாக்களுக்குள் அடங்கவில்லை. சப்பாத்தி, பருப்புப் பொடி, ஒரு சிறு பாட்டில் நெய், முறுக்கு ஆகியவற்றை ஒரு துணிப்பையில் போட்டு, எட்டாத உயரம் என்று எங்களுக்குத் தோன்றிய கிளையொன்றில் கட்டிவிட்டுப் படுத்தோம். நள்ளிரவில் கிளை முறியும் ஓசை கேட்டது. கையில் விளக்கோடு நாங்கள் கூச்சலிட்டதைப் பொருட்படுத்தாமல், காதில் அடையாள வில்லை மாட்டிய பெரிய கரடியொன்று அந்தப் பையை நிதானமாகக் கிழித்துத் தின்றது. எங்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை. மறுநாள் வழியில் சந்தித்த ரேஞ்சரிடம் நடந்ததைச் சொன்னபோது, அவர் எங்களைத் திட்டவில்லை. காது வில்லையின் நிறம் என்ன, எண் தெரிந்ததா, கரடி சத்தத்துக்குப் பயந்ததா என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டார். மனிதரைக் கண்டு அஞ்சாமல் உணவு தேடி வரும் கரடியைப் பற்றிய அத்தகைய குறிப்புகள் சேர்ந்துகொண்டே போனால் ஒரு நாள் அதைக் கொல்ல நேரிடும் என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன். அந்தக் கரடி பின்னால் என்ன ஆயிற்று என்று விசாரிக்க எனக்கு இன்றுவரை துணிவு வரவில்லை. எங்கள் நெய்ப் பாட்டிலும் அதன் கணக்கில் சேர்ந்திருக்கிறது என்ற எண்ணம் மட்டும் விலகவில்லை.

கரடிகள் இப்படிப் பழகியதற்கு மனிதர்களே காரணம் என்பதை யோசெமிட்டியின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. 1920களிலும் 30களிலும், எச்சில் உணவைக் குவித்து, அதைத் தின்ன வரும் கரடிகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு இரவு விளக்கொளியில் வேடிக்கை காட்டும் நிகழ்ச்சியைப் பூங்கா நிர்வாகமே நடத்தியது. வேடிக்கை 1940இல் நின்றது. கரடிகள் மேயும் கடைசிக் குப்பைக் கிடங்கு மூடப்பட்டது 1971இல்தான். பல தலைமுறைக் கரடிகளின் ரோமத்தையும் எலும்பையும் வேதியியல் முறையில் ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வொன்று, அவற்றின் இரையில் மனித உணவின் பங்கு 1915–1919 காலத்தில் 13 சதவீதமாக இருந்து, 1928–1939இல் 27 ஆகவும், 1975–1985இல் 35 ஆகவும் உயர்ந்ததைக் கண்டறிந்தது. குப்பைக் கிடங்குகள் மூடப்பட்ட பின்னரும் பங்கு கூடியிருப்பதைக் கவனிக்க வேண்டும். கிடங்கு போனதும் கரடிகள் எங்களைப் போன்றோரின் பைகளுக்கும் கார்களுக்கும் திரும்பின. 1998ஆம் ஆண்டு மட்டும் 1,584 சம்பவங்கள் பதிவாயின. உடைக்கப்பட்ட வாகனங்கள் 1,300க்கும் மேல், சேதம் 6 லட்சம் டாலருக்கும் மேல். அமெரிக்க நாடாளுமன்றம் இதற்கென்றே 1999 முதல் தனி நிதி ஒதுக்க, முகாம்களிலும் நடைபாதைத் தொடக்கங்களிலும் இரும்பு அலமாரிகள் வந்தன; இரவு ரோந்து வந்தது; காட்டுக்குள் செல்வோருக்கு உணவு டப்பா கட்டாயமாயிற்று. அதன்பின் சம்பவங்கள் 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டன. 2001–2007 காலத்துக் கரடிகளின் இரையில் மனித உணவு மீண்டும் 13 சதவீதத்துக்கு இறங்கியதாக அதே ஆய்வு சொல்கிறது. கரடிகள் திருந்திவிட்டன என்று இதற்குப் பொருளில்லை. மனிதர்கள் உணவைப் பூட்டிவைக்கக் கற்றார்கள். ஆகவேதான், பழைய உபாயத்தை மீண்டும் பரப்பும் ஒரு வரிகூட எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பேர் கேனிஸ்டர் என்று இங்கே அழைக்கப்படும் அந்த டப்பாவைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லை. ஏறத்தாழ 1.2 கிலோ எடையுள்ள, கெட்டியான பிளாஸ்டிக்கால் ஆன, சிறு குடம் அளவிலான உருளை அது. கரடியின் வாய்க்குள் அடங்காத பருமனும், பல்லும் நகமும் பற்ற இடம் தராத வழவழப்பும்தான் அதன் பாதுகாப்பு. சில வகைகளின் மூடி உள்ளடங்கிப் பொருந்தி, நாணயத்தைக் கொண்டு திருகித் திறக்கும்படி இருக்கும். வளர்ப்புக் காப்பகமொன்றில் உள்ள கரடிகளிடமே கொடுத்து, ஒரு மணி நேரம் அவை உருட்டியும் கடித்தும் திறக்க முடியாமல் போனால்தான் சான்று கிடைக்கும். அதிலும் தோல்வி வந்ததுண்டு. நியூயார்க் மாநிலத்தின் அடிரோண்டாக் மலையில், இரு காதிலும் மஞ்சள் வில்லை அணிந்திருந்ததால் எல்லோ-எல்லோ என்று பெயர் பெற்ற ஒரு சிறிய பெண் கரடி, ஒரு நிறுவனத்தின் டப்பா மூடியைப் பல்லால் அழுத்தித் திறக்கத் தானாகவே கற்றுக்கொண்டது. நிறுவனம் மூடியை மாற்றியமைத்தது, அதையும் அது திறந்தது. 2012இல் வேட்டைக்காரர் ஒருவரின் குண்டுக்கு அது இரையானது. இத்தகைய அறிவுள்ள விலங்குக்கு முன் நம் கயிற்று முடிச்சு எம்மாத்திரம்?

டப்பாவை வாங்கிவிட்டால் மட்டும் போதாது, அதை வைக்கும் முறையும் தெரிந்திருக்க வேண்டும். கூடாரத்திலிருந்து தள்ளி, தரையில், மூடியை முழுவதும் பூட்டி வைக்க வேண்டும். சமைத்துக்கொண்டிருக்கும்போதும் மூடி திறந்து கிடக்கக் கூடாது. பாறை விளிம்பிலோ ஆற்றங்கரையிலோ வைத்தால் கரடி உருட்டிவிட்டு உணவு நமக்கும் இல்லாமல் போகும். கயிறு கட்டி வைப்பதும் தவறு, அந்தக் கயிறே கரடிக்குப் பிடியாகிவிடும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, அதற்குள் போக வேண்டியது உணவு மட்டுமன்று என்பது. பற்பசை, சோப்பு, வெயிலுக்குப் பூசும் களிம்பு, மாத்திரைகள், குப்பை ஆகிய மணமுள்ள எல்லாமே உள்ளே போக வேண்டும். நம்மவர்கள் மறந்துவிடுவது தலைக்குத் தேய்க்கும் தேங்காய் எண்ணெயையும், தலையணைக்கடியில் வைத்துக்கொள்ளும் தலைவலித் தைலத்தையும்தான்.

டப்பாவுக்குள் இடம் குறைவு என்பதால், எதை எடுத்துச் செல்வது என்பதை வீட்டிலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். நாங்கள் முதல் நாளே தோற்றது இங்கேதான். முறுக்கும் பொரியும் எடையில் குறைவு, ஆனால் இடத்தை அடைத்துக்கொள்ளும். அவல், வறுத்த ரவை, சத்துமாவு, பொடித்த பருப்பு, வேர்க்கடலை உருண்டை, பேரீச்சம்பழம் போன்றவற்றை அட்டைப் பெட்டிகளிலிருந்து எடுத்து மெல்லிய பைகளில் காற்றை வெளியேற்றிக் கட்டினால், ஒருவருக்கு ஐந்தாறு நாள் உணவு ஒரே டப்பாவில் அடங்கும் என்பதைப் பின்னாளைய நடைகளில் நானே செய்து பார்த்திருக்கிறேன். கருவாட்டை மட்டும் தயவுசெய்து வீட்டிலேயே விட்டுவிட வேண்டும்.

காட்டுக்குள் செல்லாமல் காரில் வந்து முகாமிடும் குடும்பங்களுக்கும் ஒரு சொல். இரவில் காருக்குள் உணவு வைப்பது யோசெமிட்டியில் தடைசெய்யப்பட்டது. பக்கத்திலேயே இருக்கும் இரும்பு அலமாரியில்தான் வைக்க வேண்டும், மீறினால் 5,000 டாலர் வரை அபராதம் உண்டு. 2001 முதல் 2007 வரை அங்கே கரடிகள் உடைத்த வாகனங்களை ஆராய்ந்தபோது, மற்ற வகைகளைவிட மினிவேன்களே அதிகமாகச் சிக்கியிருந்தன. குழந்தைகள் பின்னிருக்கையில் சிந்தும் தின்பண்டத்தின் மணம் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். குழந்தை இருக்கையின் இடுக்குகளைத் துடைத்துவிட்டுக் கதவைச் சாத்தும் தாய்மார் கரடிக்கும் நன்மை செய்கிறார்கள்.

மரத்தில் தொங்கவிடுவது எங்குமே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கருங்கரடியைவிடப் பெரிய கிரிஸ்லி கரடிகள் வாழும் யெல்லோஸ்டோன், கிளேசியர் என்ற அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் காட்டு முகாம்களில் உணவைத் தொங்கவிட நிர்வாகமே உயரமான கம்பங்களை நட்டு வைத்திருக்கிறது; அங்கே சமையல், உணவு, உறக்கம் மூன்றையும் ஒன்றுக்கொன்று தள்ளி வைப்பதும் உயிர்ப் பிரச்சினை. கிளேசியரில் 1967 ஆகஸ்டில் ஒரே இரவில், வெவ்வேறு இடங்களில், 19 வயதுப் பெண்கள் இருவரை இரண்டு கிரிஸ்லிகள் கொன்றன. அந்த இடங்களில் ஒன்றில், விருந்தினர் பார்த்து மகிழ்வதற்காக விடுதியின் எச்சில் உணவைக் கரடிகளுக்குக் கொட்டிவந்திருந்தார்கள். யோசெமிட்டியில் கிரிஸ்லி இல்லை. அங்கே உள்ள முந்நூறு முதல் ஐந்நூறு வரையான கரடிகள் எல்லாம் கருங்கரடிகள், பெயர் அப்படி இருந்தாலும் பெரும்பாலும் பழுப்பு நிறத்தவை. ஓர் இடத்துக்குரிய அறிவுரையை இன்னோர் இடத்துக்குச் சொல்வது ஆபத்து. யெல்லோஸ்டோனில் ஒவ்வொருவரும் கையில் வைத்திருக்கச் சொல்லும் மிளகாய்த் தெளிப்பானுக்கு யோசெமிட்டிக்குள் அனுமதியே இல்லை என்பது இன்னோர் எடுத்துக்காட்டு. யோசெமிட்டியில் கரடி நெருங்கினால் கூட்டமாக நின்று உரக்கக் கத்தி விரட்ட வேண்டும். உணவு அதன் வாய்க்குப் போய்விட்டால் பிடுங்க முயலக் கூடாது.

நான் பிறந்து வளர்ந்தது கோத்தகிரியில். கோயில் விளக்கின் எண்ணெயைக் குடிக்கக் கதவை உடைத்த கரடிகளைப் பற்றிய செய்திகளைத் தங்கள் நாளிதழிலேயே பலமுறை படித்திருக்கிறேன். குளிர்காலத் துயிலுக்கு முன் நாளொன்றுக்கு 20,000 கலோரி வரை தின்னத் தேடும் சியரா கரடி வேறு, கறையானும் தேனும் தேடித் திரியும் நம் தேன்கரடி வேறு. ஆனால் எண்ணெய்க்கும் நெய்க்கும் மயங்கும் மூக்கு இரண்டுக்கும் ஒன்றே. அதனால், நீலகிரி வாசகர்களுக்கு நான் சொல்வது புதிதாக இராது.

கட்டுரையாளர் நல்லெண்ணத்தோடுதான் எழுதினார் என்பதில் எனக்கு ஐயமில்லை. அவர் போன காலத்தில் எந்தக் கரடியும் வராமல் இருந்திருக்கலாம். எனினும், யோசெமிட்டியின் காட்டில் உணவை மரத்தில் தொங்கவிடலாகாது, அனுமதிக்கப்பட்ட டப்பாவிலேயே வைக்க வேண்டும், அதைப் பெர்மிட் வழங்கும் நிலையங்களிலேயே வாடகைக்குப் பெறலாம் என்ற மூன்று செய்திகளையும், கட்டுரை வெளிவந்த அதே ஞாயிறு இணைப்பில், கோடைப் பயணங்கள் தொடங்குமுன் திருத்தமாக வெளியிடும்படி தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா.