மனுவுக்கு 21 நாள், தீர்ப்புக்கு மூன்றரை வருடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

2021 ஜனவரி 6 அன்று வாஷிங்டனில் நடந்த கலவரத்தைத் தொலைக்காட்சியில் கண்ட பிறகு, ஜனாதிபதித் தேர்தல் முடிவைப் பாராளுமன்றமும் ஏற்க வேண்டும் என்ற எண்ணம் வன்னியிலும் சிலரிடம் ஒட்டிக்கொண்டுவிட்டது. அது அமெரிக்க முறை. மாநிலங்கள் அத்தாட்சிப்படுத்தி அனுப்பும் 538 தேர்வாளர் (மக்கள் சார்பில் ஜனாதிபதியைத் தெரிவு செய்வோர்) வாக்குகளை அங்கே காங்கிரஸ், அதாவது அந்நாட்டுப் பாராளுமன்றம், கூடி எண்ணுகிறது. முன்பு அதன் இரு சபைகளிலும் சபைக்கு ஓர் உறுப்பினர் கையெழுத்திட்டாலே ஆட்சேபணை விவாதத்துக்கு வந்துவிடும். 2022இல் வந்த சட்டம் அதற்குச் சபைக்கு ஐந்தில் ஒரு பங்கினர் வேண்டும் என்றாக்கியது.

இங்கே அந்த வேலை பாராளுமன்றத்துக்கு இல்லை. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு அடங்கிய வன்னித் தேர்தல் மாவட்டமும் மற்ற 21 மாவட்டங்களும் எண்ணி அனுப்புவதைத் தொகுத்துத் தேர்தல்கள் ஆணைக்குழு அறிவிக்கிறது. (கிளிநொச்சி வன்னி மண்தான், வாக்கு மட்டும் யாழ்ப்பாணக் கணக்கில்.) 2024இல் எவரும் பாதியைத் தாண்டாததால் விருப்பு வாக்குகள் எண்ணப்பட்டு, அநுர குமார திசாநாயக்கவின் 5,634,915 வாக்குகள் 5,740,179 ஆயின. அதற்கும் பாராளுமன்றத்தைக் கேட்கவில்லை. பதவிக்காலத்தின் நடுவே வெற்றிடம் வந்தால்தான் உறுப்பினர்கள் வாக்களிப்பார்கள். 2022 ஜூலை 20இல் ரணில் விக்கிரமசிங்க 134 வாக்குகளோடு தெரிவானது அப்படித்தான்.

சிக்கல் நீதிமன்றப் பக்கம். அரசியலமைப்பின் 130ஆம் உறுப்புரைப்படி, ஜனாதிபதித் தேர்தல் முடிவை எதிர்க்கும் தேர்தல் மனுவை விசாரிப்பது உயர் நீதிமன்றம் மட்டுமே. குறைந்தது ஐந்து நீதியரசர்கள் அமர வேண்டும். ஜனாதிபதிக்குள்ள, வழக்குகளிலிருந்து காக்கும் விடுபாட்டுரிமையும் இந்த வழக்கில் செல்லாது. இவ்வளவும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் மனுப் போட 21 நாள் இருக்க, 2024இல் வாக்களிப்பு முடிந்து இரண்டாம் நாளே சத்தியப்பிரமாணமும் முடிந்தது. 1988 டிசம்பர் 19 தேர்தலை எதிர்த்து சிறிமாவோ பண்டாரநாயக்க தொடுத்த மனு 1992இல்தான் தள்ளுபடியானது. அதுவரை ஆர். பிரேமதாச ஆண்டுகொண்டிருந்தார். அவர் தோற்றிருக்க வேண்டியவர் என்று நீதிமன்றம் சொல்லியிருந்தால், அந்த மூன்றரை வருட ஆட்சியை என்ன செய்வது?

கென்யாவில் மனுவுக்கு 7 நாள், தீர்ப்புக்கு 14 நாள்; பதவியேற்பு தீர்ப்புக்குப் பிறகே. வாக்களிப்பு நிலையப் படிவங்கள் முழுதும் வந்து சேருமுன் முடிவை அறிவித்தது முதலான குறைகளுக்காக, 2017 செப்டெம்பர் 1இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தேர்தலையே செல்லாதாக்கியது. சான்றுகளைத் திரட்ட 14 நாள் போதாது என்பது என் கருத்து. 60 நாள் கொடுக்கலாம். 1981ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஜனாதிபதித் தேர்தல்கள் சட்டத்தைத் திருத்தும்போது அந்தக் கெடுவையும், மனு நிலுவையில் இருக்கையில் பதவியேற்பு எப்போது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

ஒரு வாசகர்,
வவுனியா.