மாலை வகுப்புக்குத் தோள் கொடுத்த உள்ளங்களுக்கு

சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புடையீர்,

வணக்கம். கோயில் மண்டபத்தின் பின்னறையில் செவ்வாய், வியாழன் மாலைகளில் நடக்கும் முதியோர் வகுப்பு இந்த ஆண்டுக்கு நிறைவடைந்தது. எழுத்தே அறியாமல் வந்தவர்கள் முதல் நிலையைத் தாண்டிவிட்டார்கள். சிலர் ஒன்பதாம் வகுப்புக்கு இணையான நான்காம் நிலைத் தேர்வையும் எழுதிவிட்டார்கள். நிறைவு விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். அதற்கு உரியவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு நன்றி சொல்லவே இம்மடல்.

முதல் வணக்கம் கோயில் தர்மகர்த்தாக்களுக்கு. சித்திரைக் காவடி நாட்களில் மண்டபத்தில் கால் வைக்க இடம் இருக்காது. அப்போதும் பின்னறைச் சாவியை எங்களிடமிருந்து திரும்பக் கேட்கவில்லை. பாட்டில்பிரஷ் குடியிருப்பிலிருந்தும் வெல்பெடாக்ட்டிலிருந்தும் ஜூலு பெண்கள் வந்தபோது, இவர்கள் எந்தக் கோயில், எந்தச் சர்ச் என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. நாற்காலிதான் கூடுதலாகப் போட்டார்கள்.

ஆயா என்று நாங்கள் அழைக்கும் இந்தியப் பாட்டிமார் பலர், டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பாக இருந்த மேகசின் பேரக்ஸில் பிறந்தவர்கள். 1960களில் அங்கிருந்து பெயர்த்து இங்கே குடியேற்றப்பட்டவர்கள். அவர்கள் சிறுமிகளாக இருந்தபோது இந்தியப் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டாயமில்லை. சமூகமே பணம் திரட்டிக் கட்டிய பள்ளிகளிலும் இடம் போதவில்லை. இருந்த இடம் அண்ணன் தம்பிக்குப் போனது. பக்கத்து நாற்காலியில் அமரும் ஜூலு பாட்டிமாரை, அவர்கள் வழக்கப்படியே கோகோ என்று அழைக்கிறோம். கறுப்பினப் பிள்ளைகளை வேலையாட்களாகவே வளர்க்க வகுத்த 1953ஆம் ஆண்டின் பாண்டு கல்விச் சட்டம் அவர்களுடைய படிப்பைக் கெடுத்தது. இந்த இரு சாராரும் ஒரே பலகையைப் பார்த்து எழுதுவதைக் காணும் பேறு எனக்குக் கிடைத்தது.

அதைச் சாத்தியமாக்கியவர் ஓய்வு பெற்ற ஜூலு ஆசிரியை ஒருவர். 2008இல் அரசு தொடங்கிய ‘கா ரி குடே’ எழுத்தறிவு இயக்கத்தில் தொண்டராகக் கற்பித்தவர். முதலில் தாய்மொழி எழுத்து, பிறகுதான் ஆங்கிலம் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அந்த உறுதி இல்லாவிட்டால் கோகோமாரில் பாதிப்பேர் முதல் மாதத்திலேயே நின்றிருப்பார்கள். அம்மா, உங்களுக்கு என் தலை தாழ்ந்த வணக்கம்.

அடுத்து, டாக்ஸி ஓட்டும் தம்பிக்கு. முதியோர் வகுப்புகள் நின்றுபோவதற்குப் பாடத்தின் கடினத்தைவிட வீடு திரும்பும் வழியே பெரிய காரணம் என்பது என் அனுபவம். வகுப்பு முடியும் நேரத்தில் சாலையில் மினிபஸ் டாக்ஸிகள் அருகிவிடும். தெருவிளக்கு இல்லாத சரிவில் தனியாக இறங்கிப் போக எந்தப் பெண்ணுக்குத் துணிவு வரும்? இந்தத் தம்பி தன் கடைசி நடையை எங்களுக்காகத் தள்ளி வைத்தார். வண்டியை வாசலில் நிறுத்தி, ஒவ்வொருவரையும் அவரவர் சந்தில் இறக்கி, கதவு திறந்து விளக்கு எரியும் வரை காத்திருந்துவிட்டே நகர்ந்தார். மின்வெட்டு நாட்களில் வண்டியின் முகப்பு விளக்கை ஜன்னல் பக்கம் திருப்பி வைப்பார். அந்த வெளிச்சத்தில் கூட்டல் கணக்குப் போட்டிருக்கிறோம்.

மாலைச் சமையலைத் தாங்கள் ஏற்றுக்கொண்டு மாமியார்களை அனுப்பி வைத்த மருமகள்களுக்கும் நன்றி. கண்ணைச் சோதித்துக் கண்ணாடி கொடுத்த மருத்துவருக்குத் தனி நன்றி. இந்த வயதில் மண்டையில் ஏறவில்லை என்று தங்களையே நொந்துகொண்ட சிலருக்குக் குறை பார்வையில்தான் இருந்தது.

நூலகர் செய்த உதவியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நகராட்சி ஆண்டுதோறும் வளர்ச்சித் திட்டத்தையும் வரவுசெலவையும் மக்கள் கருத்துக்கு வைக்கிறது. அவ்வாறு கருத்துக் கேட்கும்போது எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் தேவையையும் கருத வேண்டும் என்று 2000ஆம் ஆண்டின் நகராட்சி அமைப்புகள் சட்டமே சொல்கிறது. நூலகர் அந்தத் தடித்த புத்தகத்தில் எங்கள் வார்டுக்குரிய பக்கத்தை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிட்டுத் தந்தார். அந்த ஒரு பக்கமே வாரக்கணக்கில் எங்கள் பாடநூல். நகராட்சியின் கருத்துக் கேட்புக் கூட்டத்தன்று ஒரு கோகோ எழுந்தார். பென்சிலால் அடிக்கோடிட்ட தாளை விரித்து, பக்க எண்ணைச் சொல்லி, “நடைபாதைக்குத் தொகை போட்டிருக்கிறது, எந்த ஆண்டுப் பணம் என்று போடவில்லையே?” என்று ஜூலுவில் கேட்டார். மேசையில் இருந்தவர்கள் பக்கத்தைப் புரட்டித் தேடினார்கள். கேள்வி குறிப்பேட்டில் ஏறியது. அவருக்குப் பக்கத்தில் இருந்த ஆயா தன் பங்குக்குத் தெருவிளக்கைப் பற்றிக் கேட்டார்.

1994 ஏப்ரலில் எல்லா இனத்தவரும் வாக்களித்த முதல் பொதுத் தேர்தலின் வாக்குச்சீட்டில் கட்சிச் சின்னமும் தலைவர் படமும் இருந்தன. எழுத்தறியாதவர்களும் அன்று தாமே வாக்களித்தார்கள். அது மகத்தான ஏற்பாடு. ஆனால் வரவுசெலவு அறிக்கையில் படம் கிடையாது. வாக்களித்த கையே கணக்கும் கேட்க வேண்டுமானால் எழுத்து வேண்டும். முதியோர்க்கான அடிப்படைக் கல்வியும் ஒவ்வொருவரின் உரிமை என்று நம் அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு எழுதி வைத்திருப்பதன் பொருள் எனக்கு அந்தக் கூட்டத்தில்தான் முழுமையாக விளங்கியது.

நோட்டும் பென்சிலும் தந்த கடைக்காரப் பெரியவர், “எம்.எல்.சுல்தான் கல்லூரியும் வேலைக்குப் போனவர்களின் மாலை வகுப்பில் முளைத்ததுதானே” என்று சொல்லியே மூட்டையை இறக்குவார். உண்மைதான். ஒப்பந்தக் கூலியாக 1890இல் வந்த அந்த எம்.எல்.சுல்தான் பிற்காலத்தில் அள்ளிக் கொடுத்த பணத்தில் எழுந்த அந்தக் கல்லூரி, இன்று டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஒரு பாதி. ஐயா, உங்கள் நினைவூட்டலுக்கும் நன்றி.

தேர்வுப் பதிவுக்கு வழிகாட்டிய சமுதாயக் கல்லூரி அலுவலர்களுக்கும், வெயிலும் மழையும் பாராமல் வந்த மாணவப் பெரியோர்களுக்கும் எங்கள் நன்றி உரியது.

ஜனவரியில் பள்ளிகள் திறந்ததும் புதிய வகுப்பு தொடங்குகிறது. உங்கள் வீட்டிலோ, உங்கள் வீட்டில் வேலை செய்பவர்களிலோ, எழுதப் படிக்க விரும்பும் பெரியவர் இருந்தால் அனுப்பி வையுங்கள். அடையாள அட்டை இருந்தால் எடுத்து வரட்டும். இல்லாவிட்டாலும் வரட்டும், விண்ணப்பப் படிவத்தை வகுப்பிலேயே சேர்ந்து நிரப்பிக்கொள்ளலாம்.

நன்றியுடன்,
மாலை வகுப்பு ஆசிரியை