விழிப்புணர்வு இல்லாத தோட்டத்துக்காரன் எழுதுவது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு பதிப்பில் இலைகளைச் சிதைக்கும் ஈக்கள் பற்றி ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். ஐரோப்பாவில் ஆற்றோரங்களில் வளரும் ஆல்டர் மரத்தில் ஆரம்பித்து, அதன் இலையை மடித்துச் சுருக்கிவிடும் ஒரு பொடி ஈயைப் பற்றிச் சொன்னவரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் திடீரென்று நம்மூர் மாவிலையில் வரும் கொப்புளமும் அதே ஈயின் வேலைதான், கிளைகளை வெட்டிவிட்டு மருந்து அடியுங்கள் என்று போட்டு, கடைசியில் ஒரு வரி: நம் மலேசியத் தோட்டப்புற மக்களிடம் விழிப்புணர்வு இல்லாததே இது பரவக் காரணமாம்.

ஐயா, அந்த வரியை எழுதியவர் ஒரு மாவிலையையாவது கையில் எடுத்துப் பார்த்தாரா?

ஆல்டர் இலையை மடிக்கிற ஈயின் பெயர் டாசினியூரா டார்டிலிஸ். அதற்கு ஆல்டர்தான் வேண்டும். மாமரத்துக் கொப்புள ஈக்கள் புரொகான்டரினியா என்கிற வேறு இனம், அவற்றுக்கு மாமரம்தான் வேண்டும். தமிழ்நாட்டு வயல்களில் நெல்லைக் கெடுக்கும் ஆனைக்கொம்பனும் இதே குடும்பம்தான், அதற்காக அது மாமரத்தில் ஏறிவிடுமா? உங்களுக்குத் தெரியாததா இதெல்லாம், தெரிந்தும் எப்படி விட்டீர்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

என் வீட்டு வாசலில் ஒரு மாமரம் நிற்கிறது. துளிர் செம்பு நிறத்தில் தொங்கும்போது தாய் ஈ வந்து முட்டை வைக்கும், கொசுவைவிடச் சின்னது, கண்ணில் படாது. புழு உள்ளே இருந்து தின்னத் தின்ன இலை அதைச் சுற்றி வீங்கிக்கொள்ளும். நீங்கள் கொப்புளத்தைப் பார்க்கும் நேரத்தில் புழு உள்ளே பத்திரமாக இருக்கும், கொப்புளத்தில் ஓட்டை தெரிந்தால் உள்ளே இருந்தது கிளம்பிப் போயிருக்கும். அப்புறம் யார் மேல் மருந்து அடிக்கச் சொல்கிறீர்கள்? அந்தப் புழுக்களைத் தின்று வளரும் குட்டிக் குளவிகள்தான் அதில் சாகும். சின்னக் கன்றில் அளவுக்கு மீறி வந்தால் வளர்ச்சி குன்றும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் என் மரம் கொப்புளத்தோடுதான் வருஷா வருஷம் காய்க்கிறது.

பக்கத்து வீட்டுத் தம்பி உங்கள் பத்திரிகையை வேதவாக்காக எடுத்துக்கொள்பவர். மறுநாளே பாதி மரத்தை மொட்டையடித்துவிட்டு மருந்தும் அடித்தார், காற்றில் வந்தது பூராவும் எங்கள் கருவேப்பிலையில். விழிப்புணர்வு வந்துவிட்டது, நன்றி.

மருந்து அடியுங்கள் என்று எழுத ஒரு நொடி போதும். என் மனைவி சின்ன வயதில் செம்பனையில், அதாவது எண்ணெய்ப் பனையில், பூப்பூவாகப் போய் மகரந்தத் தூள் ஊதும் வேலை செய்தவர். 1981இல் கேமரூனிலிருந்து ஒரு வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள், பெண்கள் செய்த வேலையை அந்தப் பூச்சி கூலி கேட்காமல் செய்தது, எங்கள் தோட்டத்தில் அந்தப் பெண்களை மருந்து அடிக்கிற கேங்குக்கு மாற்றிவிட்டார்கள். கையுறை கிடையாது. நகம் கறுத்து உரிந்து விழுந்தது, மூக்கில் ரத்தம் வந்தது, தோட்டத்து மருந்தகத்து டிரஸ்ஸரிடம் போனால் இரண்டு மாத்திரை. பாராகுவாட் என்கிற அந்தக் களைக்கொல்லியை 2002இல் நிறுத்தப் போவதாகச் சொன்னார்கள், 2006இல் தளர்த்தினார்கள், 2020 ஜனவரியில்தான் முழுத் தடை வந்தது. அந்தக் காலமெல்லாம் தோட்டத்து மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று யாரும் கவலைப்பட்டு ஒரு பக்கம் எழுதியதாக எனக்கு நினைவில்லை. எந்தப் பூச்சி வேலை செய்யும், எது நாசம் பண்ணும் என்று காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்றே கற்றுக்கொண்டவர்கள் ஐயா நாங்கள்.

தோட்டம் விற்றுப்போய் நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்தபோது உங்கள் நிருபருக்குப் போன் செய்தேன், வருகிறேன் என்றார், இன்னும் வந்துகொண்டிருக்கிறார். தீபாவளிக்கு மட்டும் முறுக்கு சுடும் பாட்டியைப் படம் எடுக்கத் தவறாமல் வந்துவிடுகிறீர்கள். பள்ளிக்கூட பஸ் நிற்காதது பற்றி நான் எழுதிய கடிதம் உங்கள் மேசையில்தான் எங்கேயோ இருக்கும், அதைத் தேட வேண்டாம்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மாமரத்து ஈ வேறு, ஆல்டர் ஈ வேறு, வளர்ந்த மரத்துக்கு மருந்து தேவையில்லை என்று இரண்டு வரித் திருத்தம், கூடவே நிஜமான மாவிலைப் படம் ஒன்று. படம் இல்லையென்றால் என் மரத்து இலையையே அனுப்புகிறேன். ராசிபலனுக்குக் கீழே போட்டாலும் சரிதான், ஆனால் உங்கள் ஞாயிறு பதிப்பு எங்கள் ஊர்க் கடைக்குத் திங்கட்கிழமை மத்தியானம்தான் வருகிறது, அதையும் கொஞ்சம் கவனியுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மண்டோர் (தோட்டத்து மேற்பார்வையாளர்),
சுங்கை சிப்புட், பேராக், மலேசியா