‘நீங்களே யோசித்துச் சொல்லுங்கள்’ என்றால் எதை வைத்து யோசிப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு தங்கள் நாளிதழில் வந்த மனநலக் கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் ‘எந்த மருந்து என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்’ என்று முடித்திருந்தார்கள். நாங்கள் கேட்டோம். மருத்துவர் எங்களையே திருப்பிக் கேட்டார்.

என் மகளுக்கு 26 வயது. பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை. பைபோலார் என்று சென்ற ஆண்டு கண்டுபிடித்தார்கள். பத்து நாள் தூக்கமே இல்லாமல் பேசிக்கொண்டும், கார்டைத் தேய்த்துச் சாமான் வாங்கிக்கொண்டும் இருப்பாள். அப்புறம் இரண்டு மாதம் படுக்கையை விட்டு எழ மாட்டாள். வார்டில் கொடுத்த மாத்திரையில் ஆள் அடங்கினாள், ஆனால் எடை ஆறு கிலோ ஏறிவிட்டது. வேறு மாத்திரை உண்டா என்று அவளே கேட்டாள். “லித்தியம் கொடுக்கலாம், வல்புரோவேட் கொடுக்கலாம். இரண்டும் வேலை செய்யும். வீட்டில் யோசித்து அடுத்த மாதம் சொல்லுங்கள்” என்றார் மருத்துவர். உள்ளே போனதும் வெளியே வந்ததும் ஏழு நிமிடத்தில் முடிந்தது.

அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். ஐந்து வெள்ளிக்கு நிபுணரைப் பார்க்க முடிகிற நாடு இது. முடிவை மேலே இருந்து திணிக்காமல் நோயாளியிடம் கேட்டதும் நல்ல பழக்கமே. ஆனால் இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று சொல்லாமல் தேர்ந்தெடுக்கச் சொன்னால் பூவா தலையா போடுவதுதானே வழி?

வீட்டில் ஆளுக்கொன்று சொன்னார்கள். “லித்தியமா? அது போன் பேட்டரியில் போடுவதாச்சே” என்றார் பெரியப்பா. மாத்திரையே வேண்டாம், ஊருக்குத் தெரிந்தால் ‘தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்’ என்பார்கள் என்றார் ஒரு மாமி. 1911-இல் மனநல மருத்துவமனை அங்கே வந்ததைத் தவிர அந்த ஊர் என்ன பாவம் செய்தது? அதன் பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறோம்.

விடை கிடைத்தது மருந்து வாங்கும் கவுண்டரில், அதுவும் அன்று கூட்டம் இல்லாததால். மலாய்க்கார இளம் பெண், மருந்தாளர். எதற்கும் கேட்டு வைப்போமே என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தார். “அடேக் (தங்கச்சி), கல்யாணம், குழந்தை என்று ஏதாவது திட்டம் இருக்கிறதா?” என்றார். எனக்குச் சங்கடமாகிவிட்டது. இரண்டு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தேன். காது மட்டும் அங்கேயே இருந்தது.

வல்புரோவேட் சாப்பிடும்போது கர்ப்பமானால், ஏறத்தாழ பத்தில் ஒரு குழந்தைக்கு உடல் குறைபாடு வரலாமாம். பத்தில் மூன்று நான்கு குழந்தைகளுக்குப் பேச்சிலும் படிப்பிலும் வளர்ச்சி தடைபடலாமாம். கர்ப்பம் தெரிவதற்கு முன்பே பாதிப்பு தொடங்கிவிடலாம் என்பதால், பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு வேறு வழி இருந்தால் அதைக் கொடுக்கவே மாட்டார்களாம். லித்தியத்திலும் கர்ப்ப காலத்தில் கவனம் வேண்டும், ஆனால் ஆபத்து அந்த அளவு இல்லை என்றார். 26 வயதுப் பெண்ணிடம் முதலில் சொல்ல வேண்டிய விஷயம் இது. ஏழு நிமிடத்தில் இது வரவில்லை.

“தைப்பூசத்துக்கு நடப்பீர்களா?” என்பது அடுத்த கேள்வி. இவள் வருஷா வருஷம் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுப்பவள். விரதத்தின் கடைசி மூன்று நாள் உப்பில்லாத ஒருவேளைச் சாப்பாடு. லித்தியம் சாப்பிடுகிறவர் உப்பைத் திடீரென்று குறைத்தாலும், வெயிலில் வியர்த்துத் தண்ணீர் குடிக்காமல் இருந்தாலும் ரத்தத்தில் அதன் அளவு ஏறிவிடுமாம். மாதவிலக்கு வலிக்கு இவள் போடும் பொன்ஸ்தானும் அளவை ஏற்றிவிடும், பனடோல் போடலாம் என்றார். கை பலமாக நடுங்கினாலோ, வாந்தியும் பேதியும் வந்தாலோ, நடை தள்ளாடினாலோ அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். இரவு 9 மணிக்கு மாத்திரை என்றால் லித்தியம் அளவு பார்க்க ரத்தம் எடுப்பது மறுநாள் காலை 9 மணிக்கு. சிறுநீரகத்தையும் தைராய்டையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். புது மாத்திரை வரும்வரை பழையதை நாமாக நிறுத்திவிடக் கூடாது என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

இருபது நிமிடம் ஆகியிருக்கும். மாத்திரை பற்றி உட்கார்ந்து பேச மருந்தாளர்கள் நடத்தும் தனிப் பிரிவு அரசாங்க மருத்துவமனைகளில் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். இதைத்தான் கேட்கிறேன்: ‘யோசித்துச் சொல்லுங்கள்’ என்கிற அன்றே மருத்துவர் ஒரு துண்டுச் சீட்டெழுதி அங்கே அனுப்பக் கூடாதா? மருந்து விளக்கத் தாள்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கின்றன. என் மனைவிக்கு இரண்டும் ஓடாது. வீட்டில் மாத்திரை டப்பாவை எண்ணிப் பார்ப்பவள் அவள்தான். தமிழில் ஒரு பக்கம் அடித்துக் கொடுத்தால் குறைந்தா போய்விடும்? சுகாதார அமைச்சுக்கு மனமில்லை என்றால் தங்கள் நாளிதழாவது வாரம் ஒரு மருந்து என்று மருந்தாளர்களைக் கொண்டு எழுத வைக்கலாம்.

வீடு திரும்பும் வழியில் எது நல்லது என்று நான் ஆரம்பித்தேன். “அப்பா, சாப்பிடப் போவது நான்” என்றாள் மகள். சரி என்று வாயை மூடிக்கொண்டேன். அடுத்த சந்திப்பில் அவளே லித்தியம் கேட்டு வாங்கினாள்.

வருகிற தைப்பூசத்துக்குப் பால்குடம் உண்டு, வெயில் ஏறுமுன் விடிகாலையில். விரதச் சாப்பாட்டில் இந்த முறை உப்பும் உண்டு. முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார் என்கிறாள் என் மனைவி.

இப்படிக்கு,
ஒரு தந்தை,
பிறை, பினாங்கு