உன் தோப்பிலிருந்து கிளம்பிய கிளைடர்

மன்னார்குடி,
சித்திரை 20

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கோபித்துக்கொள்ளாதே. கை முழுக்க எபாக்ஸிப் பசை, பேனாவைத் தொட்டால் பேனாவும் ஒட்டிக்கொள்கிறது. இவள் "அந்த ரெக்கையைக் கட்டிக்கிட்டு நீங்களே பறந்து போயிடுங்க" என்று சொல்லிவிட்டு மகள் வீட்டுக்குப் போய் நாலு நாள். திரும்பி வருவதற்குள் கூடத்தைக் காலி செய்தாக வேண்டும்.

தென்னந்தோப்பைப் பற்றி நீ கேட்டதற்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன்னால் நான் கட்டிய ரிமோட் கிளைடர், அதாவது இன்ஜின் இல்லாமல் மிதக்கிற குட்டி விமானத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இரண்டும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொண்டு கிடக்கின்றன.

என்.சி.சி. முகாமில் ரோகிணி கிளைடரைப் பார்த்தோமே, ஞாபகம் இருக்கிறதா? தரையில் விஞ்ச் என்கிற சுருட்டு எந்திரம் கம்பியை இழுக்க இழுக்க ஏறி, கம்பியை விட்டதும் சத்தமே இல்லாமல் மிதந்தது. நம் நாட்டில் வடிவமைத்த கிளைடர்கள் பலவற்றுக்கு நட்சத்திரப் பெயர் வைத்தார்கள்: அசுவினி, பரணி, கார்த்திக், ரோகிணி, மிருகசீர்ஷம், பிறகு ஆர்த்ரா, அதாவது நம்ம திருவாதிரை. "நானும் ரோகிணிதான்டா" என்று நீ அன்று முழுக்க அலட்டிக்கொண்டாய். அதையே செய்யத்தான் ஆசைப்பட்டேன். நம்பி மரம் வெட்டும்படி முழு வரைபடம் கையில் கிடைக்கவில்லை. அதனால் ஏ.எஸ்.கே. 21. ருடால்ஃப் கைசர் வடிவமைத்து, ஜெர்மனியில் ஷ்லைக்கர் தொழிற்சாலை 1979-இல் முதன்முதலாகப் பறக்கவிட்ட இரட்டை இருக்கைப் பயிற்சிக் கிளைடர். நிஜத்தில் இறக்கை முனைக்கு முனை 17 மீட்டர். நான் நாலில் ஒன்றாகக் குறுக்கினேன், 4.25 மீட்டர். நம்ம கூடத்தில் குறுக்காக வைத்தால் ஒரு முனை பூஜை அறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது, நீ ரசிப்பாய். நீளம் நாலில் ஒன்று என்றால் இறக்கைப் பரப்பு பதினாறில் ஒன்று, எடை அறுபத்துநாலில் ஒன்று. நிஜ விமானம் காலியாக 360 கிலோ, அப்படியானால் என்னுடையது ஐந்தரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே நிற்க வேண்டும். பழைய பேப்பர் கடைத் தராசில் ஏற்றினேன், 7 கிலோ 200 கிராம். கடைக்காரர் "என்ன சார், கிலோ என்ன விலைக்குப் போடணும்?" என்கிறார்.

இறக்கைக்கு உள்ளே நீல நிற ஃபோம். சன்மைக்காவில் இறக்கையின் குறுக்குவெட்டு வடிவத்தை அறுத்து, ஃபோமின் இரண்டு பக்கமும் அச்சாக ஒட்டி, சூடேறிய நிக்ரோம் கம்பியை அதன்மேல் இழுத்து வெட்ட வேண்டும். சிக்கல் என்னவென்றால், உடம்போடு சேரும் பக்கம் இறக்கை அகலம், முனைப்பக்கம் குறுகல். ஒரே நேரத்தில் கிளம்பி ஒரே நேரத்தில் முடிக்க வேண்டும், ஆனால் ஒருவன் வேகமாகவும் மற்றவன் மெதுவாகவும் இழுக்க வேண்டும். ஒரு பக்கம் தயங்கினால் கம்பி அங்கேயே நின்று ஃபோமை உருக்கிக் குழி போட்டுவிடும். இரண்டு துண்டு அப்படிப் போயிற்று. பிறகு பக்கத்து வீட்டுத் தவில்காரரைக் கூப்பிட்டேன். அச்சில் எட்டுக் கோடு கிழித்து, ஒன்றிலிருந்து எட்டு வரை எண் போட்டிருந்தேன். பார்த்தவுடனே "இது ஆதி தாளம் சார். நீங்க விளம்பத்துல மெதுவா வாங்க, நான் அடுத்த காலத்துல வேகமா வர்றேன், சமத்துல சேர்ந்துடுவோம்" என்றார். அவர் வாயாலேயே சொற்கட்டுச் சொல்ல, நான் இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம். அதற்கப்புறம் ஒரு துண்டுகூட வீணாகவில்லை. இறக்கை முழுக்க ஆதி தாளத்தில் வெட்டியது என்று யாரிடம் சொன்னால் நம்புவார்கள்!

ஃபோமுக்கு மேலே கண்ணாடி இழைத் துணி, எபாக்ஸி, அதை பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, பழைய ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸரால் காற்றை உறிஞ்சி இறுக்குவது. இதை ஐப்பசி அடைமழையில் ஆரம்பித்தது என் மடத்தனம். ஈரக்காற்றில் எபாக்ஸி மேலே பிசுபிசுவென்று ஒரு படலம் விட்டது, அடுத்த அடுக்கு பிடிக்கவே இல்லை. உரித்தெடுத்துவிட்டுத் தை பிறக்கும்வரை அந்த வேலையைத் தொடவில்லை.

அந்த இடைவெளியில் வாலைக் கெடுத்தேன். இந்த விமானத்துக்கு டி எழுத்து மாதிரி வால். இடம் வலம் திருப்பும் ரட்டருக்கும், மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டருக்கும் சர்வோ, அதாவது அவற்றை அசைக்கிற குட்டி மோட்டார், இரண்டையும் பின்னாலேயே வைத்தால் சுலபம் என்று பொருத்திவிட்டேன். எடை நிற்கிற புள்ளியிலிருந்து மூக்கு எழுபது சென்டிமீட்டர் தூரம், வாலோ ஒன்றேகால் மீட்டருக்கு மேல். வாலில் ஒரு கிராம் ஏறினால் மூக்கில் கிட்டத்தட்ட இரண்டு கிராம் ஈயம் வைக்க வேண்டும். தூக்கிப் பார்த்தால் 900 கிராம் ஈயம் கேட்கிறது! ரட்டர் சர்வோவைப் பிடுங்கி விமானியின் இருக்கைக்குக் கீழே கொண்டுவந்து, அங்கிருந்து வால்வரை இரண்டு மெல்லிய எஃகு இழைகளை மாட்டுவண்டிக் கயிறு மாதிரி இழுத்துவிட்டேன். வாலில் அந்த ஒரு சர்வோவையும் அதன் நீள வயரையும் குறைத்ததில், ஈயம் 700-க்கு இறங்கியது. ஈயம் எங்கே வாங்கினேன் தெரியுமா? முத்துப்பேட்டையில் வீச்சுவலைக்குக் கட்டுகிற ஈயமணி. உருக்காமலே துணிப்பையில் போட்டு மூக்குக்குள் திணித்து ஒட்டிவிட்டேன். அதன் புகை ஆகாது.

வயர், பேட்டரி விஷயமெல்லாம் எழுதினால் தூங்கிவிடுவாய். ரிசீவருக்கு இரண்டு பேட்டரி, ஒன்று செத்தால் மற்றது தாங்கும். அது மட்டும் போதும்.

இங்கே மலை இல்லை, சரிவில் மோதி ஏறும் காற்று இல்லை. வெயிலில் காய்ந்த மண்ணிலிருந்து கிளம்பும் வெப்பக்காற்றுதான் கதி. சம்பா அறுப்பதற்கு ஒரு வாரம் முன்பே உளுந்தும் பயறும் தெளித்துவிடுவார்கள், அதை எடுத்து முடிக்கும்வரை வயல் பச்சையாகவே கிடக்கும். பிறகு களிமண் வெடித்துப் பாளம் பாளமாகக் காய்கிற இந்தச் சித்திரை, வைகாசிதான் எனக்குப் பருவம். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்துவிட்டால் நாற்றங்காலுக்கு உழ ஆரம்பித்துவிடுவார்கள், என் கடை மூடிவிடும். அதிலும் காலை பத்தரையிலிருந்து ஒன்றரை வரைதான், அப்புறம் கடற்காற்று உள்ளே வந்து எல்லாவற்றையும் குளிர்த்திவிடுகிறது.

போன ஞாயிறு உன் தோப்பில்தான் ஏற்றினேன். தோப்பு என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா உன் அப்பா வைத்த அத்தனை மரத்தையும் படுக்க வைத்ததிலிருந்து அது இருநூறு மீட்டர் நீளத் திடல். விஞ்ச் கம்பிக்கு அந்த நீளம் கனகச்சிதம். பழைய காரின் ஸ்டார்ட்டர் மோட்டார்தான் விஞ்ச். தவில்காரர் இறக்கை முனையைப் பிடித்துக்கொண்டு ஓடினார். ஏறி, கம்பி கழன்று, அப்படியே அமைதி. பாமணி ஆற்றுப் பக்கம் இரண்டு பருந்து சிறகடிக்காமல் வட்டமிட்டன. அந்த வட்டத்துக்குள் கொண்டுபோய்விட்டேன். ஏற்றமானி பீப் பீப் என்று கத்த, பத்து நிமிடம் மூன்று பேரும் ஒன்றாகச் சுற்றினோம். 120 மீட்டருக்கு மேல் அனுமதி இல்லாமல் போகக்கூடாது என்பது சட்டம். தஞ்சாவூரில் சுகோய் போர்விமானம் நிற்கிற தளம் வேறு இருக்கிறது, எங்கே பறக்கவிடலாம் என்று நிறம் பிரித்துக் காட்டும் அரசு வரைபடத்தில் நம் இடத்தின் நிறத்தைப் பார்க்காமல் நான் பெட்டியைத் திறப்பதே இல்லை. பருந்துகளுக்குச் சட்டம் கிடையாது. அவை போய்க்கொண்டே இருந்தன, நான் ஏர்பிரேக்கைத் திறந்து இறங்கினேன்.

இறங்கியதில்தான் வினை. நீ ஜேசிபி விட்டு வேரோடு எடுக்கச் சொன்னபோது விட்டுப்போன அடிக்கட்டை ஒன்று வடக்கு ஓரத்தில் புல்லுக்குள் இருக்கிறது. இடது இறக்கை முனை அதில் தட்டி ஒரு சாண் பெயர்ந்துவிட்டது. கேட்டால் ஆச்சரியப்படுவாய், எனக்குக் கோபம் வரவில்லை. அந்தக் கட்டைமேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். உன் அப்பா இளநீர் சீவிக் கொடுக்கும் இடம் அதுதான்.

இப்போது உன் கேள்வி. மறுபடி கன்று வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். மூன்று வாரம் பதில் எழுதாததற்குப் பசை மட்டும் காரணம் இல்லை. "வேண்டாம், உப்புத்தண்ணி, ஆள் கிடைக்காது, மறுபடி புயல் வரும்" என்று ஒரு பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தேன். ஒவ்வொரு வரியும் கிளைடருக்காக எழுதியது என்று தெரிந்தது, கிழித்துவிட்டேன்.

வை. இருபத்தைந்தடிக்கு ஒன்றாக, நெட்டையாகவே வை. காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். முதல் இரண்டு மூன்று வருஷம் கன்றுகளுக்கு மேலேயே இறங்கிப் பார்க்கிறேன், அப்புறம் வேறு திடல் தேடுகிறேன். நடும்போது அந்த ஒரு கட்டையை மட்டும் எடுக்கச் சொல்லாதே.

முனையை ஒட்டவைக்க ஒரு வாரம் ஆகும். வைகாசி முதல் வாரத்தில் வா. தவில்காரருக்குக் கல்யாண முகூர்த்தம் வரிசையாக இருக்கிறது, இறக்கை பிடித்துக்கொண்டு ஓட ஆள் வேண்டும். வரும்போது செருப்புப் போடாதே, ஷூ போட்டுக்கொண்டு வா. வெடிப்பில் கால் மாட்டிக்கொள்கிறது.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்